அரைவாசிச் சீன அப்பியாசம்

என் அத்தான் சோமசேகரத்தை வீரன் என்று சொல்லுகிறவர்கள் கொக்குவிலில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தலைக்கு மேலே பிளேன் சுற்றச் சுற்ற, பங்கருக்குள் இறங்க மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற மனிதர் என்பார்கள். விசர்க் கதை. அவர் நெஞ்சை நிமிர்த்தவில்லை. அவருக்கு நெஞ்சு நிமிராது. முதுகு முன்னுக்கு வளைந்து அப்போதே ஒரு வருசம் ஆகியிருந்தது. அதை ஊர் கவனிக்கவில்லை. ஒரே வளவுக்குள் இருந்து ஒரே பானைச் சோறு தின்ற நானும் கவனிக்கவில்லை. ஊர்க்காரரை விடப் பெரிய மடையன் நான்தான். ஆகவே இதை நானே எழுதுவதுதான் நியாயம்.

என் பெயர் செல்வரட்ணம். கொக்குவிலில் ரெயில் பாதையோரம் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தேன். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று யாரும் கேட்டால் அக்கா, "உவன்ரை வாய்க்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்" என்பாள். அக்கா அருமைநாயகி என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போனபோது எனக்கு நாலு வயது. சோறு தீத்தினதும் அவள், பள்ளிக்கூடத்துக்குக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதும் அவள். என்னை ஆளாக்கிவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். அதனாலேயே அவளுடைய கலியாணம் பிந்திப்போனது. எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆளில்லை என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அத்தான் மலாயன் பென்சன்காரர். மலாயாவில் ஈப்போ ரெயில் ஸ்டேசனில் முப்பத்தாறு வருசம் கிளாக்கராக இருந்து, எழுபத்தைந்தாம் ஆண்டில் அக்காவோடு ஊருக்குத் திரும்பினார். பிள்ளை குட்டி இல்லை. ரெயில்வே என்றால் அவருக்குக் கோயில். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மீண்டும் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு ரெயில் வருவது நின்றுபோன பிறகும், கடவையடியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பாதையைக் கடப்பார். தண்டவாளத்தில் புல் முளைத்து, ஆடு படுத்திருக்கும். அந்த ஆட்டையும் பார்த்துவிட்டுத்தான் கடப்பார்.

இப்படிப்பட்டவரின் வளவுக்குள் நான் தண்டவாளத்தைத் தாங்குகிற ரெயில்வேச் சிலிப்பர்க்கட்டைகளைக் கொண்டுவந்து பங்கர் கட்டினேன். என்ன செய்வது? குண்டு விழுகிறது. பாதையில் கட்டை சும்மா கிடக்கிறது. ஊரே கழற்றியது, நானும் பன்னிரண்டு கட்டை கழற்றினேன். ஆளுயரக் கிடங்கு, வளைந்த வாசல், ஐந்து படி, மேலே கட்டை, அதற்கு மேலே மண்மூடை. பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். அத்தான் மட்டும் என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் கதிரையில் இருந்து, கொழும்பில் உள்ள ரெயில்வே மேலதிகாரிக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதினார். அதில் என் முழுப் பெயரும் கடை விலாசமும் இருந்தன. தபால் போக்குவரத்து இல்லாதபடியால் நான் தப்பினேன்.

அடுத்த கிழமை பிளேன் வந்தது. நான் கடையில் இருந்து ஒரே ஓட்டமாக ஓடிவந்து முதல் ஆளாகப் பங்கருக்குள் குதித்தேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை. பின்னால் அத்தான் வந்தார். வாசலுக்கு வந்தவர் முதல் படியில் கால் வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார். கண் மேலேயிருந்த சிலிப்பர்க்கட்டையைப் பார்த்தபடி. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"அத்தான், இறங்குங்கோ. கெதியா இறங்குங்கோ."

அவர் இறங்கவில்லை. அவருக்குப் பின்னால் அக்கா, கையில் குசினி அகப்பையோடு நின்றாள்.

"அக்கா, நீயாவது அவரை விலத்திக்கொண்டு உள்ளுக்கை வா."

"அவர் வெளியிலை நிக்க, நான் உள்ளுக்கை வந்து இருந்து என்னத்தைக் காணப்போறன்?" என்றாள் அக்கா.

அடுத்த ஊர் தாவடிப் பக்கம் குண்டு விழுந்தது. நிலம் ஒரு தடவை குலுங்கியது. மேலேயிருந்து மண் என் தலையில் கொட்டியது. எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள், பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்களைப் போல. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அத்தானுக்காக இல்லை, பொய் சொல்லக்கூடாது. அக்காவுக்காக. இந்த மனிதர் இறங்காவிட்டால் அவளும் இறங்க மாட்டாள். இன்றைக்குத் தாவடியில் விழுந்தது நாளைக்கு எங்கள் வளவில் விழும். பிறகு எனக்கு ஆர் இருக்கிறார்கள்?

பிளேன் போன பிறகு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் உன்னாலைதான். உன்ரை களவுக் கட்டைக்குக் கீழை தலையைக் குனிஞ்சுகொண்டு போக அவருக்கு மனம் ஏவேல்லை. செத்தாலும் பரவாயில்லை எண்டு நிக்கிறார்."

அத்தானைப் பார்த்தேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முன்பு ஸ்டேசன் மணி மாதிரி இருந்த அவருடைய குரல் அந்தக் காலத்தில் வரவர இறங்கிப்போயிருந்தது. அதையும் நாங்கள் அவருடைய கோபம் என்றுதான் எடுத்தோம். முப்பத்தாறு வருசம் நேர்மையாக வேலை பார்த்தவர், கோபம் வந்தால் இப்படித்தான் இருப்பார் என்று நினைத்தோம்.

பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு கட்டையையும் கழற்றினேன். ஒவ்வொன்றாகச் சைக்கிளில் வைத்துக் கட்டி உருட்டிக்கொண்டு போய், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் ரெயில் பாதை போட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். அன்று பின்னேரமே பன்னிரண்டையும் வேறு யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு பனங்குற்றி தேடி அலைந்து, பங்கரைத் திரும்பவும் மூடினேன். முதுகு விட்டுப்போனது. வேலை முடிந்ததும் அத்தானைக் கூட்டிவந்து காட்டினேன்.

"பாருங்கோ. ரெயில்வேச் சாமான் ஒரு ஆணிகூட இல்லை."

அவர் தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் பிளேன் வந்தது. அத்தான் வந்தார். அதே வாசல், அதே படி. நின்றார்.

நான் அன்று பங்கருக்குள் இருந்து அவரைப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

இந்தக் கதை வாசிகசாலைக்குப் போய்விட்டது. வாசிகசாலைத் தலைவர் நமசிவாயம் ஓய்வுபெற்ற வாத்தியார், எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பவர். அவர் வந்து பங்கர் வாசலைச் சுற்றிப் பார்த்தார், கட்டையைத் தட்டிப் பார்த்தார், பிறகு கண்டுபிடித்துவிட்டார்.

"செல்வரட்ணம், உமக்கு விளங்கேல்லை. உம்மடை பங்கருக்காக அவர் நிக்கேல்லை. ஊரிலை உள்ள எல்லாக் கட்டையும் பாதைக்குத் திரும்பிப் போகவேணும். அதுக்காக நிக்கிறார். உது ஒரு அறப்போராட்டம்."

அடுத்த நாள் காலையில் எங்கள் படலைக்கு முன்னால் இரண்டு சிலிப்பர்க்கட்டை கிடந்தது. யாரோ மனச்சாட்சிக்காரர் போட்டுவிட்டு ஓடியிருந்தார். அதற்கடுத்த நாள் இன்னும் மூன்று. நான் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்தேன்.

நமசிவாயத்தார் அதோடு விடவில்லை. ஒரு பாராட்டு விழா வைக்கவேண்டும் என்றார். மண்டபத்தில் வைத்தால் குண்டுப் பயம் என்று எங்கள் வளவிலேயே வைத்தார்கள். நாற்பது சனம் வந்தது. அத்தானைப் பங்கர் வாசலடியில் கதிரை போட்டு இருத்தி, பொன்னாடை போர்த்தி, நமசிவாயத்தார் வாழ்த்துமடல் வாசிக்கத் தொடங்கினார். "அஞ்சாமையின் உறைவிடமே" என்று முதல் வரி. இரண்டாவது வரிக்கு வருமுன் வடக்குப் பக்கம் இரைச்சல் கேட்டது.

நான் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஒரு வாத்தியார் ஓடினதைக் கண்டதில்லை. வாழ்த்துமடல் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். எட்டுப் பேருக்கு வெட்டின பங்கருக்குள் நாற்பது சனமும் புகுந்துவிட்டது. எனக்கு இடமில்லை. வெளியே மிஞ்சினது மூன்று பேர்: பொன்னாடையோடு எழுந்து நின்ற அத்தான், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா, நான். அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக வெளியே நின்று அவரைப் பக்கத்தில் பார்த்தேன். முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. குதிகால் மேலே எழும்பி எழும்பி அதே இடத்தில் விழுந்தது. வேட்டி வியர்வையில் நனைந்திருந்தது. என் காதுக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்தார்.

"தம்பி, கால் வருகுதில்லை."

"என்னத்தான்?"

"போகச் சொல்லிச் சொல்லுறன். கால் கேக்குதில்லை. நிலத்தோடை ஒட்டிப்போச்சு. முதல் நாள் துடக்கம் இதுதான்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் எல்லாரும் அவ்வளவு சந்தோசமாக் கதைச்சியள்" என்றார்.

பிளேன் எங்கள் பக்கம் வராமல் போய்விட்டது. உள்ளே போன நாற்பது பேரும் வெளியே வந்து, அஞ்சாமையின் உறைவிடத்துக்குக் கை தட்டினார்கள். எனக்கு அழுகையும் வந்தது, எல்லோருக்கும் ஒவ்வொரு அறை கொடுக்கவேண்டும் போலவும் இருந்தது. முதல் அறை எனக்கு.

டொக்டர் ஒருவர் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். அத்தானை எழுந்து நடக்கவைத்துப் பார்த்தார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். மடியில் சும்மா கிடந்த வலக்கை, பீடி சுருட்டுகிற கை மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. பார்க்கின்சன் என்றார். நடுக்குவாதம்.

"மூளையிலையிருந்து காலுக்குக் கட்டளை போகுது. இடையிலை நிண்டுபோகுது. வாசல், ஒடுங்கின இடம், ஆரும் அவசரப்படுத்திற இடம், உதுகளிலைதான் கூட நிக்கும். குளிசை மருந்து இருக்கு, ஆனால் கொழும்பிலையிருந்து வந்தால்தான் உண்டு. வந்தால் தாறன். பாரத்தை ஒரு காலிலையிருந்து மற்றக் காலுக்கு ஆறுதலாக மாத்தி மாத்தி வைக்கிற மாதிரி ஏதாவது அப்பியாசம் செய்யுங்கோ. நோய் மாறாது. ஆனால் விழாமல், நிண்டுபோகாமல் கொஞ்சக் காலம் சமாளிக்கலாம். ஒண்டு மட்டும். அவரை அவசரப்படுத்தாதேங்கோ."

"டொக்டர், மேலை பிளேன் நிக்கேக்கையும் அவசரப்படுத்தக்கூடாதோ?"

டொக்டர் யன்னலால் வானத்தை எட்டிப் பார்த்தார்.

"அப்பவும் அவசரப்படுத்தக்கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் முற்றத்தில் நின்று, "எனக்கு ஒரு அப்பியாசம் தெரியும்" என்றார். ஈப்போவில் அவருடைய கந்தோருக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெளியிருந்ததாம். தினமும் காலையில் வயதுபோன சீனர்கள் அங்கே கூடி, தண்ணிக்குள் நிற்கிறவர்கள் மாதிரி மெல்ல மெல்ல உடம்பை அசைப்பார்களாம். தை சீ என்று பெயராம். அத்தான் அதை முப்பத்தாறு வருசம் யன்னலால் பார்த்திருக்கிறார். சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். நம்பமாட்டீர்கள், மடியில் கிடந்து நடுங்கின அதே கை, அசையத் தொடங்கினதும் நடுக்கத்தை நிறுத்தியது. மெல்ல எழும்பியது, திரும்பியது, இறங்கியது. பார்க்க அவ்வளவு வடிவு. அக்கா காய் வெட்டுகிற அரிவாளோடு குந்தியிருந்தபடியே வாயைப் பிளந்தாள்.

ஆனால் கால் இரண்டும் நட்ட கட்டை மாதிரி நின்றன.

"கை சரி அத்தான். கால் எப்பிடி?"

"கால் தெரியாது."

"ஏன் தெரியாது?"

"யன்னலுக்கு முன்னாலை ஒரு மதில் இருந்தது. அவையின்ரை இடுப்புக்கு மேலைதான் தெரியும்."

"முப்பத்தாறு வருசத்திலை ஒருநாளும் வெளியாலை போய் எட்டிப் பாக்கேல்லையோ?"

"டியூட்டி நேரமெல்லோ" என்றார்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். கால் வராத மனிதருக்குத் தெரிந்த அப்பியாசத்தில் காலைக் காணவில்லை. அப்போது வீட்டின் பக்க அறையில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கனிசியஸ். குருநகரில் வலை வைத்திருந்த சம்மாட்டியார் ஒருவரிடம் மண்டாடியாக இருந்தவர், அதாவது கரைவலை இழுக்கிற ஆட்களுக்குத் தலைவர். வருசத்தில் ஆறு மாதம் முல்லைத்தீவுக் கரையில் வாடிக் குடிசை போட்டு வலை இழுத்தவர். யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கத்துச் சண்டையில் குருநகரில் இருக்க முடியாமல், மனைவி மார்கிரட்டோடு வந்து எங்கள் வளவில் அந்த மாதம்தான் குடியேறியிருந்தார். கடல் இல்லாமல் கைகால் உளைந்துபோய் இருந்த மனிதர்.

"ஐயா, கை உங்களிட்டை இருக்கு. கால் என்னட்டை இருக்கு" என்றார் கனிசியஸ். "வலை பாரமாக வரேக்கை இழுக்கிறது கையில்லை. கை சும்மா கயித்தைப் பிடிச்சுக்கொண்டிருக்கும். இழுக்கிறது கால். பாரத்தைப் பின்காலிலை இறக்கவேணும், முன்கால் வெறுமையாப் போகும், அந்த வெறுங்காலை எடுத்து வைக்கவேணும். பாரம் உள்ள காலை எடுக்க நினைச்சால் மணலிலை விழவேண்டியதுதான்."

டொக்டர் சொன்னதும் இதையேதான். ஆனால் டொக்டரிடம் வலை இழுக்கிற அம்பாப் பாட்டு இல்லை. கனிசியஸ் "ஏலேலோ" என்று இழுத்தால், அந்த இழுப்பில் பாரம் ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்குப் போய்விடும். எனக்கே போனது. இப்படித்தான் ஈப்போச் சீனர்களின் கையையும் குருநகர்க் காலையும் சேர்த்து, கொக்குவிலில் ஒரு அப்பியாசம் உண்டாயிற்று. உலகத்தில் வேறு எங்கும் அப்படி ஒன்று இருக்காது.

ஒரு பிழை இருந்தது. கரைவலை இழுக்கிறவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு பின்னுக்குப் போகிறவர்கள். முதல் கிழமை முழுவதும் அத்தான் அழகாகக் கையை அசைத்து அசைத்து, பங்கரில் இருந்து பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் படலையையும் தாண்டி ஒழுங்கைக்குப் போய்விட்டார். கூட்டிக்கொண்டு வர நான் சைக்கிளில் போகவேண்டியிருந்தது. பிறகு கனிசியஸ் இரண்டு நாள் யோசித்து, அந்தக் காலை முன்பக்கமாகத் திருப்பினார்.

அத்தான் அசைவுகளுக்குத் தானே பெயர் வைத்தார். சீனர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்று மதில் தாண்டிக் கேட்கவில்லை. கையை மெல்ல மேலே தூக்கி இறக்குவதற்குக் கைகாட்டி இறங்குதல் என்று பெயர். இரண்டு கையாலும் முன்னுக்குத் தள்ளுவது, சாமான் கொட்டிலின் கதவைத் தள்ளுதல். ஒரு கைக்குப் பின் மற்றக் கையாக, முகத்துக்கு முன்னால் பக்கவாட்டில் வீசிக்கொண்டு போவதற்கு மேசை துடைத்தல். அந்த மேசை துடைத்தலில்தான் அவருடைய கால் நன்றாக வந்தது. கை எந்தப் பக்கம் துடைக்கிறதோ அந்தப் பக்கத்துக் காலில் பாரம் இறங்கும், மற்றக் கால் தானாக எழும்பும்.

காலையும் பின்னேரமும் பழக்கம். நான் சைக்கிள் றிம்மைத் தட்டுவேன், அதுதான் பிளேன். குசினியில் இருந்து பங்கரின் கடைசிப் படி வரை பதினாலு யார் தூரம். முதல் நாள் இருபத்தொரு நிமிசம் எடுத்தது. பிளேன்காரன் அவ்வளவு நேரம் பொறுத்திருப்பானோ என்று நான் கத்தினேன். அதற்குக் கனிசியஸ், "பிளேனும் சீனன் செய்தது, அப்பியாசமும் சீனன் செய்தது. உள்ளுக்கை ஏதாவது ஒப்பந்தம் இருக்கும் தம்பி, பொறுப்பாங்கள்" என்றார். பக்கத்து ஒழுங்கை ஏரம்புவும் சேர்ந்துகொண்டார். அவருக்குத் தலை நடுங்கும், இல்லை இல்லை என்று சொல்லுவது போல எப்போதும் ஆடிக்கொண்டேயிருக்கும். நான் ஏதாவது சொன்னால் அந்த மனிதர் என்னோடு ஒத்துப்போகிறாரா இல்லையா என்று கடைசி வரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் மேசை துடைக்கும்போது அவருடைய தலையாட்டமும் கொஞ்சம் குறைந்தது.

சேராத ஒரே ஆள் அக்கா. கிணற்றுக்கட்டில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டு, "உதென்ன கூத்து, கிழடுகள் காத்தைத் தடவுதுகள்" என்பாள். கனிசியஸ் கூப்பிட்டால், "எனக்குத் துடைக்க வீட்டிலை உண்மையான மேசை இருக்கு" என்பாள். ஆனால் ஒருநாளும் எழும்பிப் போகமாட்டாள். பழக்கம் முடியும் வரை அந்தக் கட்டிலேயே இருப்பாள்.

மாதங்கள் போயின. இருபத்தொன்று பதினைந்தாகி, ஒன்பதாகி, நாலானது. நடுவில் வந்த பிளேன்களுக்கெல்லாம் அத்தானும் அக்காவும் வெளியேதான் நின்றார்கள், நானும் கூட நின்றேன். வீரத்தால் இல்லை. உள்ளே இருந்து அக்காவைப் பார்ப்பது, வெளியே நின்று பிளேனைப் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில் ஒரு காலைநேரம், றிம் இல்லை, உண்மையான பிளேன். கனிசியஸ் "ஏலேலோ" என்று தொடங்கினார். அத்தான் முற்றத்தால் மேசை துடைத்துக்கொண்டு வந்தார். வாசலுக்கு வந்தார். வலப்பக்கம் துடைத்தார், இடக்கால் எழும்பியது, முதல் படியில் இறங்கியது. இடப்பக்கம் துடைத்தார், அடுத்த படி. ஐந்து படியும் இறங்கி, வளைவில் திரும்பி, உள்ளே போய் நின்றார். அக்கா பின்னாலேயே இறங்கினாள். கட்டி இரண்டு வருசமாகிய பங்கருக்குள் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கால் வைத்தாள். நான் இறங்கினபோது பிளேன் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் ஒருவரும் வெளியே வரவில்லை. இவ்வளவு பாடுபட்டு இறங்கிவிட்டு உடனே ஏற யாருக்கு மனம் வரும்? அரை மணித்தியாலம் இருட்டில் இருந்தோம்.

"என்ன வெக்கை இதுக்குள்ளை. உதுக்கோ என்னை இவ்வளவு நாளும் கூப்பிட்டனி?" என்றாள் அக்கா. எனக்கு ஆனந்தத்தில் மூக்கால் ஓடியது.

அதற்குப் பிறகு மூன்று வருசம், எத்தனை தடவை இறங்கினோம் என்று நினைவில்லை. குளிசை சில மாதம் வரும், பல மாதம் வராது. வராத மாதங்களில் அத்தான் இன்னும் கூனுவார், இன்னும் குறைவாகக் கதைப்பார், ஆனால் காலை எழும்பி முற்றத்தில் நிற்பார். எங்கேயும் விழவில்லை. அந்த அரைவாசிச் சீன அப்பியாசம் அவரைத் தூக்கி நிறுத்திவைத்திருந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிகிற நேரம், ஒரு பின்னேரம், ஆமி வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். எல்லோரும் உடனே வெளிக்கிட்டு, நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போகவேண்டும். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, எழுதினால் கை ஓடாது. எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே றோட்டில் இறங்கியது. மழை. அத்தானைச் சைக்கிள் கரியரில் இருத்தி, நானும் அக்காவும் தள்ளினோம். அரியாலையில் கூட்டம் நெரித்தபோது கனிசியஸும் மார்கிரட்டும் எங்களைவிட்டுப் பிரிந்துபோனார்கள். ஒரு அடி வைப்போம், நிற்போம். ஒரு அடி வைப்போம், நிற்போம். நாவற்குழிப் பாலத்தடிக்கு வர விடிந்துவிட்டது. அந்த நெரிசலில் சைக்கிளைத் தள்ள வழியில்லை. அத்தானை இறக்கிவிட்டு, பதினெட்டு வருசம் நான் வைத்திருந்த சைக்கிளைச் சேற்றில் போட்டேன்.

பாலத்தின் வாய்க்கு வந்தோம். இரண்டு பக்கமும் கைப்பிடிச்சுவர், நடுவே ஒடுங்கின வழி, உள்ளே தலை தலையாகச் சனம். அத்தான் நின்றுவிட்டார்.

நான் "ஏலேலோ" என்றேன். என் குரலுக்கு மாடும் நகராது. கையைப் பிடித்து இழுத்தேன், மேல்பாதி மட்டும் வந்தது, விழப் பார்த்தார். தூக்கலாம் என்றால் பலகை மாதிரி விறைத்துப்போயிருந்தார், அவரைத் தோளில் போடக் குனியவும் இடமில்லை. பின்னால் இருந்து, "பெரியவரை விலத்துங்கோ, பிள்ளையள் நசியுது" என்று ஒரு பெண் அழுதாள். அத்தான் அக்காவைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது.

"நீர் போம்" என்றார்.

அக்கா தலையில் இருந்த மூட்டையை எடுத்து என் தலையில் வைத்தாள். அவருக்கு முன்னால் போய், பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவரைப் பார்த்து நின்றாள். எழுபத்துமூன்று வயது. ஈரச் சீலை. இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கி, மேசை துடைக்கத் தொடங்கினாள். ஒரு நாளும் பழகாதவள். பிழையில்லாமல் செய்தாள். வலப்பக்கம் துடைத்தாள், இடப்பக்கம் துடைத்தாள், கால் பின்னுக்குப் பின்னுக்கு, கனிசியஸ் முதலில் காட்டித்தந்த அதே கால். அத்தானின் கண் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டது. அவருடைய கையும் எழும்பியது. பிறகு கால் எழும்பியது.

அப்படியே போனார்கள். அவள் பின்னுக்கு, அவர் முன்னுக்கு, நடுவில் ஒரு முழம். நான் அவளுக்குப் பின்னால் நின்று, சனம் அவளில் முட்டாமல் தோளால் தாங்கிக்கொண்டு போனேன். அவர்களைவிட வேகமாக அந்தப் பாலத்தில் யாராலும் போக முடியவில்லை. பின்னால் வந்தவர்களும் அதே கணக்கில்தான் காலை எடுத்து வைத்தார்கள். பக்கத்தில் வந்த ஒரு கிழவர் என்னிடம், "உது என்ன நேர்த்திக்கடன்?" என்று கேட்டார். "ஓம், ஒரு நேர்த்திதான்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

பாதிப் பாலத்தில்தான் எனக்கு உறைத்தது. அவ்வளவு சனத்துக்கும் முதுகு ஊருக்கு, முகம் தென்மராட்சிக்கு. அக்கா ஒருத்திக்குத்தான் முகம் ஊருக்கு. அத்தானின் தோளுக்கு மேலால் அவள் யாழ்ப்பாணத்தைப் பார்த்துக்கொண்டே யாழ்ப்பாணத்தை விட்டுப் போனாள். கண்ணை ஒரு தடவைகூட மூடவில்லை. மூடினால் அவர் நின்றுவிடுவார்.

பாலம் முடிந்தது. "அக்கா, காணும், நிப்பாட்டு, வந்திட்டம்" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. நிலத்துக்கு வந்த பிறகும் பத்து அடி, இருபது அடி, கை இரண்டும் வெறும் மழையைத் துடைத்துக்கொண்டே இருந்தன. அத்தான் கிட்டப் போய், தன் நடுங்குகிற கைகளால் அவளுடைய கைகளைப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்.

"இஞ்சாரும், இனி வழி அகலம்" என்றார்.

அப்போதுதான் அக்கா அழுதாள். பின்னால் வந்த சனம் எங்கள் மூன்று பேரையும் விலத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.